நண்டு விற்ற வீட்டில் கிடைத்த செய்தி

சென்னையில் ஒரு மாலை நாளிதழில் பிழை திருத்துபவளாக நான் சேர்ந்த ஆறாவது மாதம், அங்கே சினிமா கிசுகிசு எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு வியாழக்கிழமை வேலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார் என்று மதியம் தெரிந்தது. செய்தி ஆசிரியர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"நீதான தினமும் அத திருத்துற? அதே மாதிரி நாலு பத்தி எழுதிக் குடும்மா. ரெண்டு மணிக்குள்ள வேணும்."

எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு நடிகரையும் தெரியாது. முந்தைய வாரங்களில் திருத்திய விஷயங்களையே வேறு மாதிரி திருப்பிப் போட்டேன். பத்திக்கு ஏற்கெனவே ஒரு ஆண் பெயர் இருந்தது. அந்தப் பெயரிலேயே வந்தது. அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அந்தப் பெயராக நானே இருந்தேன். பழவேற்காட்டை அடுத்த கோட்டைக்குப்பத்தில் என் நைனாவும் அம்மாவும் நான் இன்னமும் எழுத்துப் பிழை பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. நைனா ஏரிக்கும் கடலுக்கும் போகிறவர். அம்மா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பாள். நண்டுக் காலத்தில் கூடையில் நண்டு எடுத்துக்கொண்டு ஊருக்குள் வீடு வீடாகப் போவாள். இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஒளிப்பதற்கு எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை.

கிசுகிசுவில் பெயர் போடக் கூடாது. மூன்றெழுத்து நடிகை, வாரிசு நாயகன், உயரமான இயக்குநர் என்றுதான் எழுத வேண்டும். வாசகர் கண்டுபிடித்துவிடுவார், வழக்குப் போட முடியாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. மற்றதைக் கற்றுக்கொள்ளத்தான் நாளானது. தகவல் சொல்ல அலுவலகத்துக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். மேக்கப் போடுகிறவர், கார் ஓட்டுநர், உதவி இயக்குநர், சில சமயம் நடிகரின் சொந்தத் தம்பி. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். இவர் இதை ஏன் இப்போது சொல்கிறார், யாரைக் கவிழ்க்கச் சொல்கிறார் என்று யோசித்து யோசித்து, யாராவது "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால்கூட என் மனம் காரணம் தேடத் தொடங்கியது. விடுதியில் என்னோடு தங்கியிருந்த பெண் ஒருநாள் சொன்னாள்: "நீ பேசும்போது ஏதோ விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கு." நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நான் பத்தி எழுதத் தொடங்கிய மூன்றாவது ஆண்டு, அப்போது முன்னணியில் இருந்த ஒரு நடிகை காணாமல் போனார். அவர் நடித்துக்கொண்டிருந்த படத்தின் வேலை பாதியில் நின்றது. வெளிநாட்டில் இருக்கிறார் என்று தயாரிப்பாளர் சொன்னார். யாரும் நம்பவில்லை. எல்லாப் பத்திரிகைகளும் தேடின. எங்கள் ஆசிரியர் தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் தலையை ஆட்டுவேன்.

ஐந்து வாரம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா மதியம் பாதிக் கூடை நண்டோடு திரும்பி வந்தாள்.

"இன்னாமா, விக்கலியா?"

"பாய் வூட்ல வாங்கல. வந்துகீற பொண்ணுக்கு நண்டு வாசனையே ஆவலயாம். ஒமட்டுதாம்."

பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைக்குப் பின்பக்கம் அந்த வீடு. பெரிய பழைய வீடு, முன்காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பம். அம்மா இருபது ஆண்டுகளாக அங்கே நண்டு கொடுத்துவந்தாள். மூத்த மகன் சென்னையில் டாக்டர். இளைய மகன் ஊரிலேயே கடை வைத்திருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"யாருக்குத் தெரியும். டாக்டரு இஸ்துகினு வந்து வுட்டுட்டுப் போனாராம். ரூம்பவுட்டு வெளிய வராது. கழுத்தச் சுத்தித் துணி போட்டுகினு கெடக்கும். சின்ன மருமவதான் அதுக்குத் தல வாரி வுட்டுகினு, பாட்டுப் பாடிக் காட்டிகினு இருக்கும். போன வாரம் மாங்கா வேணும்னுச்சு. பக்கத்து வூட்ல கேட்டுப் பறிச்சினு போய்க் குடுத்தேன்."

"பாக்க எப்படி?"

"ஒசரம். கண்ணு பெருசு. என்னாண்ட தெலுங்குல பேசிச்சு. நானும் தெலுங்குல பேசினேன். அதுக்கு ஒரே சிரிப்பு." அம்மா நண்டுகளை ஈரச் சாக்கால் மூடினாள். "நல்ல பொண்ணு. இன்னா கஷ்டமோ."

 மறுநாள் காலையில் அம்மாவுக்கு முதுகு வலி என்றதும், கூடையை நானே கொண்டுபோகிறேன் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். படித்து வேலைக்குப் போகும் பெண் கூடை தூக்குகிறாளே என்று பக்கத்து வீட்டில் சொல்லியும் வைத்தாள்.

பாய் வீட்டில் சின்ன மருமகள் வந்து கதவைத் திறந்தார். இருபது வயது இருக்கும். நைட்டிமேல் துப்பட்டா போட்டிருந்தார். கையில் ஒரு சீப்பு. "அம்மா வரலியா?" என்று கேட்டுவிட்டு, "மாமி, நண்டு" என்று உள்ளே மாமியாருக்குக் குரல் கொடுத்தார். உள்ளறையில் யாரோ தெலுங்கில் ஏதோ சொல்ல, இவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பதிலுக்கு உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு மூச்சில் விட்டு விட்டு வரும் அந்தச் சிரிப்பைத் தியேட்டரில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிறகு இருமல். எனக்குப் போதுமானதாக இருந்தது. நான்கு நண்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் போகும்போதே பத்தியை மனத்தில் எழுதி முடித்துவிட்டேன். குமட்டல், மாங்காய், யாருக்கும் தெரியாமல் ஒரு வீடு, கூட ஒரு டாக்டர். வேறு என்னவாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பழகிய நான், என் ஊகத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த வரிகள் எனக்கு இன்னமும் நினைவில் இருக்கின்றன. 'டச்சுக்காரன் விட்டுப்போன ஏரிக்கரை ஊரில், பழைய வீடொன்றில் விருந்தாளியாக இருக்கிறார் மூன்றெழுத்து நாயகி. நண்டு வாசனை பிடிக்கவில்லையாம், புளிப்புதான் பிடிக்கிறதாம். புரிந்தவர்களுக்குப் புரியும்.'

புரிந்துவிட்டது. புதன்கிழமை காலையிலேயே மூன்று கார்களில் போட்டோகிராபர்கள் போனார்கள். கல்லறைச் சுவர்மேல் ஏறினால் அந்த வீட்டுப் பின்முற்றம் தெரியும் என்று யாரோ சொல்ல, சுவர் முழுக்க ஆள். டாக்டர் வந்து, தலை முதல் இடுப்புவரை ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தி நடிகையைக் காரில் ஏற்றினார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எதை மறைக்கப் போர்வை என்று கீழே எழுதியிருந்தார்கள். எங்கள் ஆசிரியர் ஆபீஸ் முழுவதற்கும் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

வழக்கம்போல் நண்டு கொண்டுபோயிருக்கிறாள். பாய் வீட்டம்மா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசினாராம். இருபது வருஷமாக நம்பி உள்ளே விட்டோம், வெளியிலிருந்து உன் கூடை ஒன்றுதான் உள்ளே வந்துபோனது, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றாராம். மீன் வாங்கும் இடத்திலும் செய்தி பரவிவிட்டது. அம்மா வந்து உட்கார்ந்தால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "உஷாரா பேசுங்க, பேப்பர் வருது" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து அம்மாவுக்கு அதுவே பெயரானது. பேப்பர்.

"நான் யாராண்டயும் சொல்லலடி," என்றாள் அம்மா. "எனக்கு அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது. உன்னாண்டதான் பேச்சுக்குச் சொன்னேன்."

அவள் அப்படிச் சொன்னபோது நான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். என்னைச் சந்தேகப்படுகிறாளா என்று தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. அவள் மனத்தில் அது ஓடவே இல்லை.

"நீ பேப்பர் ஆபீஸ்லதான கீற," என்றாள். "அத எழுதினவனுக்கு யாரு சொன்னாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு. எம்மேல வந்த பேரு போவணும்."

"கேக்கறேன்மா," என்றேன்.

அடுத்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. உண்மையைச் சொன்னால் நைனா என்னை வீட்டுக்குள் விடமாட்டார் என்று பயந்தேன். வேலையும் போய்விடும் என்று பயந்தேன். பத்தியை யார் எழுதுகிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதில் ஆசிரியர் கறாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலிலேயே காத்திருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். அந்த வீட்டுக்குள்ள இருந்தே யாரோ சொன்னாங்களாம். பேரு சொல்ல மாட்டேங்கறாங்க."

இவ்வளவுதான் சொன்னேன். யாரையும் குறிப்பிடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். பெயர் போடாமல் எழுதிப் பழகியவளுக்கு அது பாதுகாப்பான வாக்கியமாகத் தெரிந்தது.

அம்மா அன்று சாயங்காலமே பாய் வீட்டுக்குப் போனாள். என் பொண்ணு பேப்பர் ஆபீஸிலேயே கேட்டு வந்தாள், உங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் செய்தி போயிருக்கிறது, என்மேல் பழி போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். பாய் வீட்டம்மா ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாராம். பிறகு, தப்பா பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத, நாளைலேர்ந்து நண்டு கொண்டு வா என்றாராம். அம்மா அதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்தியில் ஐந்து வருடம் மேலும் ஓடியது. தனியார் டிவி ஒன்றுக்கு நட்சத்திரங்களைப் பேட்டியெடுக்க ஆள் தேடினார்கள். எங்கள் ஆசிரியர்தான் என்னை அனுப்பினார். "இவளுக்கு எல்லார் கதையும் தெரியும். ஆனா ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சி" என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்.

முதல் நிகழ்ச்சியில் ஒரு மூத்த நடிகர் ஏதோ சொல்ல, என் வாயிலிருந்து "இன்னா சார் சொல்றீங்க" என்று வந்துவிட்டது. தயாரிப்பாளர் கேமராவுக்குப் பின்னால் தலையில் கை வைத்தார். ஆனால் அந்த நடிகர் வாய்விட்டுச் சிரித்து, அதுவரை யாரிடமும் பேசாத தன் முதல் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறம் அந்த 'இன்னா' என் அடையாளமானது. கடைகளில் பெண்கள் என்னைப் பார்த்து அப்படியே சொல்லிக் காட்டுவார்கள்.

பேட்டிக்கு எனக்கு உதவியது அந்தப் பேச்சு மட்டுமில்லை. பதில் வந்ததும் உடனே அடுத்த கேள்வி கேட்கமாட்டேன். நம்பாதவள்போலச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று விநாடி யாராலும் தாங்க முடியாது. அவர்களே இன்னும் கொஞ்சம் சொல்வார்கள். அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் நிகழ்ச்சி ஓடியது.

ஊரில் எல்லாரும் பார்த்தார்கள். நைனா இறந்தபோது வந்த கூட்டத்தில் பாதி என்னைப் பார்க்க வந்தது. ஆனால் நான் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். சித்தி மகளுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வரும்வரை எனக்கு மட்டும் சொல்லவில்லை. "உன்னாண்ட சொன்னா டிவில வந்துடும்" என்று சித்தி சிரித்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அம்மா மட்டும்தான் பழையபடி வாய் ஓயாமல் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நடிகை திரும்பி வந்தது பதினேழு வருடம் கழித்து. நாயகனுக்கு அம்மாவாக ஒரு படத்தில் நடித்திருந்தார். படம் நன்றாகப் போனது. அவர் யாருக்கும் பேட்டி தருவதில்லை. எங்கள் நிகழ்ச்சிக்கு மட்டும் வருகிறேன் என்று அவராகவே சொல்லியனுப்பினார்.

டிவி தயாரிப்பாளர் சந்தோஷத்தில் குதித்தார். நான் காரணம் தேடத் தொடங்கினேன். ஏன் எனக்கு மட்டும்? தெரிந்துகொண்டாரா? கேமரா முன்னால் வைத்துக் கேட்கப் போகிறாரா? அவருடைய மேலாளருக்கு நான்கு முறை போன் செய்து, பேச விரும்பாத விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "எதை வேணாலும் கேக்கலாம்னு மேடம் சொல்றாங்க" என்றார். அது இன்னும் பயமாக இருந்தது.

பேட்டி எடுத்த நாளில் நடிகை கழுத்தை மூடிய ரவிக்கையோடு வந்தார். என் கையைப் பிடித்து, "உங்க பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் ஒரு சமயம் உங்க ஊர்ப் பக்கம் இருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்டா நல்லா இருக்கும்" என்றார். அதற்காகத்தான் வந்திருக்கிறார். நான் அதையும் நம்பவில்லை. பேட்டி தொடங்கும்வரை அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் போன பிறகு அவராகவே பழவேற்காட்டுப் பேச்சுக்கு வந்தார். அப்போது பாதியில் நின்ற படத்தின் படப்பிடிப்பில் திரைச்சீலை ஒன்று தீப்பிடித்து அவர்மேல் விழுந்ததாம். கழுத்தும் தோளும் வெந்துபோனதாம். படத் தயாரிப்பாளர் வெளியே சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தாராம். வைத்தியம் பார்த்த டாக்டர் தன் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். மருந்து சாப்பிட்டால் எதைப் பார்த்தாலும் குமட்டும், புளிப்பாக ஏதாவது மென்றால் கொஞ்சம் அடங்கும் என்று சொல்லிவிட்டு, ரவிக்கைக் கழுத்தை இரண்டு விரலால் தாழ்த்திக் காட்டினார். காதுக்குக் கீழிருந்து தோள்வரை தோல் சுருங்கி மினுங்கியது.

"எனக்கு அப்ப கல்யாணம் நிச்சயமாகியிருந்தது," என்றார். "பேப்பர்ல வேற மாதிரி எழுதிட்டாங்க. போர்வை போட்ட போட்டோ வந்துச்சு. மாப்பிள்ளை வீட்ல டாக்டர் சர்டிபிகேட் கேட்டாங்க. தர மாட்டேன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

நான் வழக்கம்போல் மூன்று விநாடி சும்மா இருந்தேன். இந்த முறை பேச வரவில்லை என்பதால்.

"அது கூட பரவாயில்லை," என்று அவர் தொடர்ந்தார். "அந்த வீட்டுச் சின்ன மருமகள் எனக்குத் தங்கச்சி மாதிரி. மருந்து போட்டுவிடுவா, தலை வாருவா, என் பாட்டையே எனக்குப் பாடிக் காட்டுவா. அவதான் வெளிய சொன்னான்னு பின்னாடி தெரிஞ்சதும் ரொம்ப உடைஞ்சு போயிட்டேன். அதுக்கப்புறம் நான் யாரையும் பக்கத்துல விடலை."

"அவங்கதான்னு யார் சொன்னது?"

"டாக்டர் வீட்லயே சொன்னாங்க. செய்தி வீட்டுக்குள்ள இருந்துதான் போச்சுன்னு பேப்பர் ஆபீஸ்ல வேலை பார்த்த யாரோ சொன்னாங்களாம். சினிமாப் பைத்தியம்னா அந்த வீட்ல அவ ஒருத்திதான்."

கையில் அட்டை இருந்தது. அடுத்த கேள்வி புதிய படத்தைப் பற்றியது. அதை வாசிக்கப் போனேன், ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவங்க சொல்லலீங்க. அந்தப் பத்திய எழுதினது நான். பேப்பர் ஆபீஸ்ல வேல பார்த்து, வீட்டுக்குள்ள இருந்து போச்சுன்னு பொய் சொன்னதும் நான்தான். நீங்க இருந்த வீட்டுக்கு நண்டு கொண்டுவந்தவங்க என் அம்மா."

 அவர் திரும்பிக் கேமராவுக்குப் பின்னால் நின்ற தயாரிப்பாளரைப் பார்த்தார். "இது நீங்க ஏற்பாடு பண்ணதா?" என்று கேட்டார். தயாரிப்பாளர் இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மறுபடி என்னிடம் திரும்பினார்.

"நான் கர்ப்பம்னு உங்க அம்மா சொன்னாங்களா?"

"இல்லீங்க. அது நானா நெனச்சது."

"அவங்க தெலுங்கு பேசுவாங்க," என்றார். ரவிக்கைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, "சரி. அடுத்த கேள்வி கேளுங்க" என்றார்.

கேட்டேன். அவர் பதில் சொன்னார். இன்னும் இருபது நிமிடம் இரண்டு பேரும் வேலையை முடித்தோம். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

தயாரிப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார். "பரபரப்புக்காகப் பண்றதா இருந்தா என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று எவ்வளவோ விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். யாரையும் நம்பாத ஒருவரிடம் உண்மையைச் சொல்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. நான் பேப்பரில் எழுதினேன் என்பதையே அவள் இரண்டு முறை கேட்டாள். முழுக்கச் சொல்லி முடித்ததும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பத்திரிகையில் எழுதியதைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

"என் வாயால இல்ல சொல்ல வெச்சிட்ட," என்றாள். "நான் இல்ல போய் அந்த வூட்ல சொன்னேன். அந்தச் சின்ன மருமவ எதிர்லயே நின்னுகினு இருந்துச்சி. அது மூஞ்சி வெளுத்துப் போச்சி. வேற யாருக்கோ பயந்துகினு கீதுன்னு நெனச்சேன்." எழுந்து புடவையை உதறிக் கட்டினாள். "எழுந்திரு. வா."

டச்சுக் கல்லறையைச் சுற்றி இருவரும் நடந்தோம். அவள் எனக்கு முன்னால் போனாள். 

சின்ன மருமகளே கதவைத் திறந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கூடை இல்லாமல் அம்மா வந்திருப்பதைப் பார்த்து, "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்றார். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். டிவிக்காரி என்ற சந்தேகம்.

அம்மாதான் பேசினாள். நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினாள். தான் அன்று சொன்னது பொய், தன் பெண் சொல்லிக் கொடுத்த பொய் என்று அவளே முழுக்கச் சொன்னாள். சின்ன மருமகள் கதவைப் பிடித்தபடி கேட்டார்.

"மாமி மௌத்தாயி, அடக்கம் பண்ணி மூணு வருஷம் ஆச்சு," என்றார் கடைசியில். "அவங்ககிட்டதான் சொல்லணும். என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் செய்யலன்னு எனக்குத் தெரியுமே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எங்க உம்மா வீட்லேர்ந்து வர்ற கடுதாசியப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் என்கிட்ட குடுப்பாங்க. போன் அடிச்சா நான் எடுக்கக் கூடாது. இவங்க யாருமே என்னைத் திட்டல. ஒரு நாள்கூட திட்டல. நான் ரூமுக்குள்ள வந்தா பேச்ச மாத்துவாங்க, அவ்வளவுதான். என் வூட்டுக்காரர் வெளியூர் போறதக்கூட கிளம்பற நேரத்துலதான் சொல்வார்." அம்மாவைப் பார்த்தார். "நீங்க நண்டு கொண்டுவர்றப்பல்லாம் நான் உங்ககிட்ட கேக்கணும்னு நினைப்பேன், பேப்பர் ஆபீஸ்ல யாரும்மா என் பேரச் சொன்னதுன்னு. கேட்டா அதையும் போய்ச் சொல்லிடுவீங்களோன்னு கேக்கல."

பிறகு என்னிடம், "டிவியில எப்ப வரும்?" என்றார்.

"வர்ற ஞாயிறு, பதினோரு மணிக்கு."

"வீட்ல எல்லாரையும் பாக்கச் சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதி வரவில்லை. கடைசி நேரத்தில் வெட்டிவிட்டார்கள். வழக்கு வரும் என்று வக்கீல் சொன்னாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நடிகை தீக்காயத்தைக் காட்டினார், சின்ன மருமகளைத் தங்கை என்றார், அவள்தான் வெளியே சொன்னாள் என்றார். உடனே புதிய படத்தைப் பற்றிய கேள்வி. பழியை மட்டும் வைத்துக்கொண்டு என் வார்த்தைகளை எடுத்திருந்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்து ஐந்து நிமிடத்தில் சின்ன மருமகளிடமிருந்து போன் வந்தது. அதுவரை எனக்கு அவர் போன் செய்ததில்லை.

"டாக்டர் குடும்பம் மொத்தமும் வந்து உக்காந்து பாத்தாங்க," என்றார் சின்ன மருமகள். அவர் குரலில் கோபமே இல்லை. "இதுக்காகத்தான் அம்மாவும் பொண்ணும் வந்து நல்லவிதமா பேசிட்டுப் போனீங்களா?"

நான் விளக்கத் தொடங்கும்முன் வைத்துவிட்டார்.

அன்று மதியமே பழைய மாலை நாளிதழுக்குப் போனேன். என் ஆசிரியர் ஓய்வுபெற்றுவிட்டிருந்தார். புதியவர் நான் நீட்டிய நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு, "இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். நான் ஒருகாலத்தில் எல்லாரிடமும் கேட்ட கேள்வி. ஒன்றும் இல்லை என்றேன். நம்பாமலேதான் போட்டார். மூன்றெழுத்து, ஏரிக்கரை என்று ஒன்றுமில்லாமல், என் பெயரையும் என் படத்தையும் போட்டு, நான் எழுதியது பொய், நான் சொன்னது பொய், அந்த வீட்டில் இருந்த யாரும் ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை என்று நேராக எழுதியிருந்தேன்.

பேப்பரை எடுத்துக்கொண்டு நானே அந்த வீட்டுக்குப் போனேன். சின்ன மருமகள் நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். எங்காவது வேறு அர்த்தம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதைப் போல ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்தார். பிறகு, "இன்னும் ரெண்டு கிடைக்குமா?" என்றார். ஒன்று டாக்டருக்கு, ஒன்று அவருடைய உம்மா வீட்டுக்கு. வாங்கிக் கொடுத்தேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

டிவிக்காரர்கள் ஒரு மாதத்தில் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். எந்த நட்சத்திரமும் என் எதிரில் உட்காரத் தயாராக இல்லை. நடிகையிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அவருக்கு நான் எழுதிய கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. இப்போது ஒரு வார இதழில் மறுபடி பிழை திருத்துகிறேன்.

ஆறு மாதம் கழித்து மீன் வாங்கும் இடத்தில் சின்ன மருமகளைப் பார்த்தேன். அவராகவே நின்றார். கணவர் ஆரம்பாக்கம் போவதை இந்த முறை முந்தின இரவே சொன்னாராம். "பேப்பரப் பாத்ததாலயா, இல்ல சும்மா வாய்ல வந்துச்சான்னு தெரியல," என்றார். "கேக்கவும் பயமா இருக்கு." அவ்வளவுதான் பேசினோம்.

அம்மா எனக்குச் சோறு போடுகிறாள். உடம்பு எப்படி என்று கேட்கிறாள். ஆனால் ஏதாவது சொல்ல வந்து, வாக்கியத்தின் பாதியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறாள். போன வாரம்கூட, "அந்தக் கடைசி வூட்டுப் பொண்ணு கீதே..." என்று ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றாள்.